அம்மா அப்பாவைச் சுழலும் உணவகத்துக்குக் கூட்டிப் போகலாமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கனடாவின் ரொறன்ரோ நகரத்துச் சி.என். கோபுரத்தின் சுழலும் உணவகத்துக்குக் கூட்டிப் போகலாமா, தலை சுற்றாதா, அவ்வளவு காசு கொடுப்பதை விட மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முழங்காலுக்காகவே கூட்டிப் போங்கள் என்பதுதான் என் பதில்.

நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவன். என் அம்மா அப்பா முதல் தடவை வந்தபோது பார்வைத் தளத்துக்கு மட்டும் சீட்டு எடுத்தேன். கோடை விடுமுறை, நல்ல சனம். கோபுரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள்தான் நடக்க வேண்டும். அம்மா ஏரிப் பக்கம் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு இருக்க இடம் தேடினார். அப்பாவும் நானும் மற்றப் பக்கங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். இறங்கி வீட்டுக்கு வரும் வழியில், "நல்ல வடிவான குளம்" என்று மட்டும் அம்மா சொன்னார். ஒன்ராறியோ ஏரியைத்தான் சொல்கிறார். அவர் கண்டது அது ஒன்றைத்தான்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தார்கள். அப்போதுதான் மேலே இருக்கும் '360' என்ற அந்தச் சுழலும் உணவகத்தில் மேசை பதிந்தேன். அங்கே அம்மா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. நகரம்தான் அவரைச் சுற்றி வந்தது.

சரி, தலைசுற்றுக்கு வருவோம். உணவகம் 351 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 72 நிமிடம் எடுக்கும். சுவர் மணிக்கூட்டின் நிமிட முள் ஒரு மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடும். இது அதையும் விட ஆறுதல். ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. வெளியே பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் குனிந்து, மறுபடி நிமிரும்போது கட்டடம் இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கும், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே பிரட்டும். அங்கே ஒன்றும் செய்யவில்லை. ஏறி இறங்கும் லிப்ட் தான் கொஞ்சம் கவனம். கண்ணாடி வைத்த லிப்ட் 58 செக்கனில் மேலே கொண்டுபோய் விடும், காது அடைக்கும். உயரத்துக்குப் பயந்தவர் என்றால் கதவுப் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.

கோபுரம் முழுவதும் சுற்றுகிறது என்று அம்மா நினைத்திருந்தார். அப்படியில்லை. மேசை கதிரை போட்டிருக்கும் வளையமான தரை மட்டும்தான் சுற்றும். நடுப்பகுதியும் அசையாது, யன்னலும் அசையாது. சக்கரங்களின் மேல் சமநிலையாக இருக்கும் வளையத்தைத் தள்ளப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 1962 இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில், ஆட்கள் நிறைந்த உணவகத்தைத் தொடக்கத்தில் ஒரு குதிரைவலு மோட்டார் ஒன்றுதான் சுழற்றியது. நம் ஊர்த் தோட்டக் கிணற்றுக்கு வைக்கிற மோட்டார் அளவு!

யன்னல் அசையாது என்பதை மறந்துவிடாதீர்கள். அம்மா சாப்பாட்டு அட்டையை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக் கூட்டை யன்னல் விளிம்பில் வைத்தார். சூப் வந்தது. சூப்பைக் குடித்துவிட்டுத் தேடினால் கூட்டைக் காணவில்லை. "இஞ்சருங்கோ, என்ர கண்ணாடிக் கூட்டைக் கண்டனீங்களே?" என்று அப்பாவைக் கேட்கிறார். அப்பா மேசைக்குக் கீழே குனிந்து தேடுகிறார். அதற்குள் பின் மேசையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை சிரித்துக்கொண்டு கொண்டுவந்து தந்தது. எங்கள் மேசை நகர்ந்துவிட்டது, கூடு வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு மெல்லிய பிரிவு தெரியும். அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால்தான் நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும். அம்மா அதன் பிறகு வெளியே பார்த்த நேரத்தில் பாதி அந்தப் பிரிவைத்தான் பார்த்தார். அதேபோல, கழிப்பறைக்குப் போனால் திரும்பி வரும்போது மேசை விட்ட இடத்தில் இருக்காது. வயதானவர்களோடு ஒருவர் கூடப் போவது நல்லது.

இப்படி ஒரு யோசனை எப்படி வந்தது என்று அப்பா கேட்டார். அன்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், பிறகு வாசித்தேன். தொலைக்காட்சி வந்த காலத்தில் அலைபரப்புக்கு உயரமான கோபுரம் தேவைப்பட்டது. அவ்வளவு உயரம் கட்டிய பிறகு உச்சிக்குச் சனத்தையும் ஏற்றினால் காசும் வரும், நகரத்துக்குப் பெயரும் வரும். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்துக் கோபுரத்தில் 1959 இலேயே சுழலும் உணவகம் வந்துவிட்டது. கெய்ரோ, சியாட்டில், லண்டன், மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று பத்து வருடத்துக்குள் பரவியது. ரொறன்ரோ கோபுரமும் அதே தேவைக்குத்தான் எழும்பியது. நகரத்தில் உயரமான கட்டடங்கள் பெருகி அலைகளை மறிக்கத் தொடங்கியதால், கனடிய தேசிய ரயில் நிறுவனம் கட்டி 1976 இல் திறந்தது. சி.என். என்பது அந்த நிறுவனத்தின் பெயர்தான். லண்டன் தபால் கோபுரத்து உணவகம் பாவம். 1971 இல் அங்கே குண்டு வெடித்தது, 1980 இல் உணவகத்தையே மூடிவிட்டார்கள். கொழும்புத் தாமரைக் கோபுரத்திலும் இப்போது சுழலும் உணவகம் இருக்கிறது. உங்கள் அம்மா அப்பா திரும்பிப் போன பிறகு அங்கேயும் ஒரு தடவை போகலாம்.

பதிவு செய்யும் நேரம்தான் முக்கியம். பொழுது படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக எடுங்கள். இங்கே ஜூன் கடைசியில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும், டிசெம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதைப் பார்த்துப் பதியுங்கள். அப்படிப் போனால் முதல் சுற்றை வெளிச்சத்திலும் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தை விளக்குகளோடும் காணலாம். முகில் இறங்கிய நாளில் யன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டும்தான் இருக்கும், எனவே காலநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு எடுப்பவர்களுக்கு மேலே ஏறும் கட்டணம் தனியாக இருக்கவில்லை. நீங்கள் பதியும்போதும் அப்படித்தானா என்று கேளுங்கள். வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம் என்றால் வேறு நாள் பாருங்கள், அல்லது மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பாடு உறைப்பாக இருக்காது, அதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

காசு கூடத்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே மேசையில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் இருந்து கதைத்த நேரம் அந்தப் பயணத்திலேயே அதுதான். கிழக்குப் பக்கம் திரும்பியதும் "எங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று அப்பா கேட்க, ஸ்காபரோ பக்கம் கை காட்டினேன். வடக்கில் நெருக்கமான கட்டடங்கள், மேற்கில் காலடியில் விளையாட்டரங்கத்தின் வெள்ளைக் கூரை. தெற்கே வந்தபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏரிக்குள் இருக்கும் தீவில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, எங்களுக்குக் கீழே.

"தம்பி, பிளேனை மேலயிருந்து பாக்கிறன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போர்க் காலத்தில் எங்கள் ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், ஓடித்தான் பழக்கம். எனக்கும் சின்ன வயதில் அந்த ஓட்டம் நினைவிருக்கிறது. அம்மா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் தண்ணீர் ஓரமாக இறங்கி ஓடுபாதையில் ஓடி நின்றது. எங்கள் மேசை மெல்ல அதைவிட்டு விலகிப் போனது.

சாப்பிட்டு முடித்துக் காசும் கட்டியாயிற்று. எழும்புவோமா என்று கேட்டேன். அப்பா கோப்பியை இன்னும் குடித்து முடிக்கவில்லை.

"பொறு தம்பி, அந்த ஏர்போட் இன்னொருக்கா வரட்டும்."

இருந்தோம். இருட்டிவிட்டது. அது வந்தபோது ஓடுபாதை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.