மீள்மை வாய்பாடு இங்கே செல்லாது

நண்பரே, 2.875 அங்குல வெளிவிட்டமும் 0.217 அங்குலச் சுவரும் கொண்ட என்-80 (ஓர் எஃகுத் தரம்) எண்ணெய்க்கிணற்றுக் குழாய் நசுங்கும் வெளியழுத்தம் மீள்மை வாய்பாட்டின்படி 23,600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வருகிறது, அட்டவணையிலோ 11,170தான் இருக்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். கூட்டல் கழித்தலில் பிழையில்லை, வாய்பாடுதான் பொருந்தவில்லை; எஃகு மீள்தன்மையோடு இருக்கும்போதே குழாய் நெளிந்து நசுங்கும் என்று கொள்வது அது. விட்டத்தைச் சுவர்த்தடிப்பால் வகுத்துப் பாருங்கள்: 13.25. என்-80 எஃகில் இந்த விகிதம் 31-ஐத் தாண்டினால்தான் மீள்மை வாய்பாட்டுக்கு வேலை. 13.38-க்குக் கீழே, குழாய் நெளிவதற்கு முன்பே உட்சுவர் எஃகு, நிலையாக உருமாறத் தொடங்கும் தன் தாங்குவரம்பான 80,000 பிஎஸ்ஐயை எட்டிவிடுகிறது.

அட்டவணை எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது இழுவிசை ஏதும் இல்லாத புதுக்குழாய்க்கானது. தொங்கும் எடையால் இழுதகைவு (எஃகின் ஒரு சதுர அங்குலத்தில் விழும் இழுவிசை) 40,000 பிஎஸ்ஐ ஆனாலே நசுங்காமல் தாங்கும் வலிமை ஏறத்தாழ 7,270-க்கு இறங்கிவிடும். பம்புத் தண்டு உரசிச் சுவர் தேய்ந்த பழைய குழாயா? அப்படியானால் முதலில் சுவரை அளந்துவிடுங்கள்.