பெல்ட்டில் ஓட்டை: மாற்றணுமா, ஓட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன், ஒயிட்ஃபீல்டில் வேலை. மூன்று மாதம் முன்பு ஒரு பழைய வண்டிக் கடையில் 2016 மாடல் ஹார்லி ஸ்ட்ரீட் 750 பைக் வாங்கினேன். மீட்டரில் 22,000 கிலோமீட்டர் காட்டியது. போன ஞாயிறு வண்டி கழுவும்போது பார்த்தால் செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்துக்குப் போகும் பெல்ட்டில் ஒரு ஓட்டை. மிளகு அளவுதான். வெளி ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஓரம் வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு கீறல். சர்வீஸ் சென்டரில் பெல்ட்டோடு முன், பின் ஸ்ப்ராக்கெட் (பெல்ட் மாட்டும் பல்சக்கரம்) இரண்டையும் மாற்றச் சொல்லி கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். பாதிச் சம்பளம் போய்விடும். தெரிந்த மெக்கானிக் ஒருவர், “இன்னும் பத்தாயிரம் ஓடும், சும்மா இருங்க” என்கிறார். பொங்கலுக்கு நாகர்கோவில் வரை வண்டியிலேயே போகலாம் என்று இருந்தேன். யார் பேச்சைக் கேட்பது? கடைக்காரரிடம் பணம் கேட்க முடியுமா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?

பதில்: பெல்ட்டை மாற்றிவிடுங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கு மட்டும் உடனே தலையாட்ட வேண்டாம், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

உங்கள் மெக்கானிக் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெல்ட்டின் நடுவில் சின்ன ஓட்டை விழுந்து, அதோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவர்கள் உண்டு. அவர் அப்படி வண்டிகளைப் பார்த்திருப்பார். ஆனால் உங்கள் வண்டியில் காயம் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

பெல்ட்டில் வெளியே தெரிவது ரப்பர் மாதிரியான உடம்பும் பற்களும்தான். இழுவையைத் தாங்குவது உள்ளே நீளவாக்கில் ஓடும் நார்கள். பழைய பெல்ட்களில் அது கெவ்லர் வகை நார், பின்னால் வந்தவற்றில் கார்பன் நாரும் உண்டு. ரோட்டில் கிடக்கும் ஜல்லி தெறித்து பெல்ட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் மாட்டினால் அப்படியே நசுங்கிக் குத்தி வெளியே வரும். நம் ஊரில் தோண்டிய ரோட்டை ஜல்லி போட்டு மூடிவிட்டுப் போவதை எல்லா வார்டிலும் பார்க்கலாம், அதனால் இது அதிசயமே இல்லை. நடுவில் குத்தினால் சில நார்கள் அறும், இரண்டு பக்கமும் இருக்கும் மற்ற நார்கள் சுமையை வாங்கிக்கொள்ளும். ஓரத்தில் குத்தினால் ஒரு பக்கம் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. புடவைக் கரையில் விழுந்த கிழிசல் மாதிரி அது உள்ளே ஓடிக்கொண்டே போகும்.

ஹார்லி 1980-இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் பெல்ட்டைக் கொண்டுவந்ததிலிருந்து இத்தனை வருட அனுபவத்தை அவர்களுடைய சர்வீஸ் கையேட்டில் படம் போட்டே வைத்திருக்கிறார்கள். பல்லின் உள்பக்கம் மயிரிழை விரிசல் இருந்தால் ஓட்டலாம், அடிக்கடி பாருங்கள் என்கிறது. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து பஞ்சு போலத் தெரிந்தாலும், வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும், பல் லேசாகச் சில்லு பெயர்ந்திருந்தாலும் அதே பதில்தான். விரிசல் பல்லின் வெளிப்பக்கம் தெரிந்தால், பல் கொக்கி போல வளைந்து தேய்ந்திருந்தால், ஒரு பல்லே காணாமல் போயிருந்தால் மாற்றச் சொல்கிறது. கல் குத்திய காயம் ஓரத்தில் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். உங்களுடையது இந்தக் கடைசி வகை. அதிலும் கீறல் ஓரத்தைத் தொட்டுவிட்டது என்கிறீர்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

இருந்தாலும் சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் பெல்ட் முழுவதையும் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் விரலைக் கொண்டுபோனவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள், அதனால் சாவி விஷயத்தில் சோம்பல் வேண்டாம். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியை ஒவ்வொரு அடியாக முன்னால் தள்ளி, கோடு திரும்பி வரும் வரை டார்ச் அடித்துப் பல்லின் அடி, முதுகு, இரண்டு ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு கல் குத்திய பெல்ட்டில் இன்னொரு இடத்திலும் குத்தியிருப்பது சகஜம். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கடைக்காரரிடம் பேச உதவும்.

இனி ஸ்ப்ராக்கெட். கொட்டேஷனைப் பார்த்ததும் ‘தலையில் கட்டுகிறார்கள்’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வதற்குக் கையேட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. பல மாடல்களின் கையேடு சொல்வது இது: கல் அடித்ததால் பெல்ட்டை மாற்றுகிறீர்கள், பெல்ட் 8,000 கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்கிறது என்றால் ஸ்ப்ராக்கெட்டைப் பரிசோதித்துத் தேவைப்பட்டால் மாற்றினால் போதும், அதற்கு மேல் ஓடியிருந்தால் இரண்டையும் மாற்று. உங்கள் வண்டி 22,000 ஓடியிருக்கிறது. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது பெல்ட்டைப் போட்டால் பெல்ட்டின் ஆயுள் குறையும் என்பது அவர்கள் கணக்கு, நியாயமான கணக்கும்கூட.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பல ஹார்லி மாடல்களில் பின் ஸ்ப்ராக்கெட் அலுமினியம், மேலே கெட்டியான குரோம் பூச்சு. பூச்சு போய்விட்டால் புது பெல்ட்டை அதுவே தின்றுவிடும். இதற்குக் கையேட்டிலேயே ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு பல்லுக்கு இடையே உள்ள பள்ளத்தின் அடியில் கத்தி முனையை மிதமாக அழுத்தி இழுக்க வேண்டும். கோடு விழாமல் வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு இருக்கிறது. முனை பதிந்து பளிச்சென்று கோடு விழுந்தால் அடியில் அலுமினியம் வந்துவிட்டது. சர்வீஸ் அட்வைசரிடம் “என் எதிரில் ஒரு தடவை கீறிக் காட்டுங்க” என்று கேளுங்கள். நல்ல சென்டராக இருந்தால் மறுக்க மாட்டார்கள். கல் குத்திய இடத்துக்கு நேரே ஸ்ப்ராக்கெட் பல் நசுங்கியிருக்கிறதா, கூரான விளிம்பு நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் அது போய்த்தான் ஆக வேண்டும்.

கூலி ஏன் இவ்வளவு என்றும் கேட்கத் தோன்றும். செயினில் இணைப்புக் கண்ணியைக் கழற்றிப் பிரிக்கலாம். இந்த பெல்ட் மூட்டே இல்லாத முழு வளையம், பின்சக்கரத்தைக் கழற்றுவதோடு வேலை முடியாது. மாடலைப் பொறுத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை இறக்க வேண்டும். ஹார்லியின் பெரிய இன்ஜின் வண்டிகளில் இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி பக்கத்தையும் பிரிக்க வேண்டும். அதனால் பின் டயர் தேய்ந்திருந்தாலோ, சக்கர பேரிங் சத்தம் போட்டாலோ இதே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி அழ வேண்டாம்.

பெல்ட்டை எங்கே வாங்குவது? ஹார்லி 2020-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தியபோது உதிரி பாகமே கிடைக்காது என்று பலர் பயந்தார்கள். அந்த அக்டோபரிலேயே ஹீரோ மோட்டோகார்ப்போடு ஒப்பந்தம் ஆகி, விற்பனை, சர்வீஸ், உதிரி பாகம் எல்லாம் ஹீரோ வழியாக வருகிறது. பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஸ்டாக்கில் இருக்கிறதா, ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஜே.சி. ரோட்டிலோ ஆன்லைனிலோ வேறு கம்பெனி பெல்ட் குறைந்த விலைக்குக் கிடைத்தால் பல் எண்ணிக்கையும் அகலமும் பழையதோடு அப்படியே பொருந்த வேண்டும். “ஒரு பல் முன்னே பின்னே இருந்தா அட்ஜஸ்ட் ஆகிடும்” என்று சொல்லும் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

சிவாஜிநகர் குஜிரியில் (பழைய உதிரி பாகச் சந்தை) கழற்றிய பெல்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். டேங்க் வாங்குங்கள், மிரர் வாங்குங்கள், தப்பில்லை. பெல்ட்டை முன் ஸ்ப்ராக்கெட்டைவிடச் சின்ன வளையமாகச் சுருட்டக் கூடாது, பின்பக்கமாக மடக்கவும் கூடாது. மடக்கினால் உள்ளே நார் ஒடியும், வெளியே ஒன்றும் தெரியாது. கழற்றியவர் அதை எப்படிச் சுருட்டிக் கட்டி மூட்டையில் போட்டார் என்று உங்களுக்கு யார் சொல்வது? புது பெல்ட்டாக இருந்தாலும் இறுக்கச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மாட்டிய பிறகு டென்ஷன் அளந்தார்களா என்று கேளுங்கள். நடுவில் சுமார் 4.5 கிலோ விசை கொடுத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள், அதற்கென்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. எவ்வளவு இறங்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு “கரெக்டா இருக்கு சார்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பெல்ட்டையும் ஸ்ப்ராக்கெட்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் கல் தடுப்புத் தகடு திரும்ப மாட்டப்பட்டதா என்றும் குனிந்து பாருங்கள். உங்கள் வண்டியில் அது ஏற்கெனவே இல்லாமல் இருந்தால், ஓட்டை விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்சூரன்ஸ் விஷயம் சுருக்கமாக. தேய்மானத்துக்கு எந்த பாலிசியிலும் பணம் கிடையாது. கல் அடித்தது விபத்து என்று வாதாடலாம், ஆனால் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், அப்படிக் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி எடுத்திருந்தால் ஒழிய. கிளெய்ம் போட்ட வருடம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவர்களுக்கு அது 50 சதவீதம் வரை இருக்கும். இந்த ஒரு பெல்ட்டுக்காக அதை விட நான் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டத்தில் வழி இல்லை. வியாபாரமாகச் செய்யும் கடை என்பதால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம்.

சிக்கல் ஆதாரத்தில் இருக்கிறது. கல் ஒரு நொடியில் அடிப்பது, “நீங்க ஓட்டும்போது அடிச்சது” என்று கடைக்காரர் சொன்னால் என்ன செய்வீர்கள்? அதனால் முதலில் விற்பனை விளம்பரத்தில் போட்ட படங்களைத் தேடி எடுங்கள். பின்சக்கரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பு மழுங்கி அழுக்கேறியிருந்தால் அது பழைய காயம் என்று சர்வீஸ் சென்டரில் ஒரு வரி எழுதி வாங்க முடியுமா பாருங்கள். டெலிவரி நோட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் பாதிச் செலவாவது கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். இல்லையென்றால் ஆணையத்துக்கு அலைவதில் அர்த்தம் இல்லை.

கடைசியாக, நாகர்கோவில். புது பெல்ட் வரும் வரை ஆபீசுக்கு மெட்ரோ இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் பின்னால் ஆள் ஏற்றாமல், ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் பக்கத்துத் தெரு வரை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரியை முந்தும்போது பெல்ட் அறுந்தால் பிரேக் வேலை செய்யும், ஆனால் இழுவை மொத்தமாகப் போய்விடும். வண்டி பாதி முந்திய நிலையில் நிற்கும். பெல்ட் பொங்கலுக்கு முன் வராவிட்டால் சாந்திநகரில் பஸ் ஏறிவிடுங்கள்.

கேள்வி: என் ஆக்டிவாவிலும் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். அதுவும் வெளியே பார்த்தால் தெரியுமா? (அல்சூர் வாசகி)

பதில்: தெரியாது. உங்களுடையது கியருக்குப் பதிலாக வேலை செய்யும் வி-பெல்ட், மூடிய பெட்டிக்குள் இருக்கிறது; கவரைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். ஓனர் கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று இருக்கும், அதைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டவில்லை, ஆனால் கிளம்பும்போது வண்டி நடுங்குகிறது, இன்ஜின் இரைகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கவரைத் திறக்கச் சொல்லி, பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, அகலம் குறைந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கவரைத் திறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால் அதே கவருக்குள் இருக்கும் ரோலரையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.