காலையில் பருந்து, வெயிலில் செண்டோல்

அன்புள்ள அக்கா,

நெகிரி செம்பிலான் ரந்தாவில் இருக்கிறேன். ஞாயிறு காலையில் செம்பனைத் தோட்டப் பக்கம் பறவை பார்க்கப் போவது பழக்கமாகிவிட்டது. பிள்ளைகளோ செண்டோல், அதுதான் அந்தப் பனிக்கட்டி இனிப்பு, வாங்கித் தருகிறேன் என்றால்தான் கூட வருகிறார்கள். இப்படி ஆசை காட்டிக் கூட்டிப் போவது சரிதானா? எங்கே போகலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாராளமாகக் கூட்டிப் போங்கள். வரட்டும், அதுதான் முக்கியம். தோட்டத்தில் பறவை பார்க்க நல்ல நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான், அப்புறம் வெயில் ஏற ஏற எல்லாம் அடங்கிவிடும், செண்டோலுக்கு நாக்கு ஏங்குவதும் அந்த நேரத்தில்தான்.

தூரம் போகாமல் வீட்டுப் பின்னாலிருந்தே தொடங்குங்கள். அந்தக் காக்கையைக் காட்டுங்கள். 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்ட பறவை அது. முன்பு இங்கே குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோன குயில், முட்டையிடக் காக்கைக் கூடு கிடைத்த பிறகு இங்கேயே தங்கிவிட்டது. நம் ஆட்களைப் போலவே தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்த காக்கை என்று சொல்லிப்பாருங்கள், பிள்ளைகள் அதை வேறு கண்ணால் பார்ப்பார்கள். செம்பனை நடுவே கம்பத்தில் பெட்டி இருந்தால் அது கூகைக்கு வைத்தது, எலி பிடிப்பதற்காக. பெட்டியை நெருங்க வேண்டாம், பொழுது சாயும் நேரத்தில் தள்ளி நின்று பாருங்கள்.

மார்ச் மாதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தஞ்சோங் துவான் போங்கள். போர்ட்டிக்சனைத் தாண்டி, சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க மலாக்காவுக்குச் சொந்தமான சின்னக் காட்டுமுனை, மேலே கலங்கரை விளக்கம். சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள் வடக்கே திரும்பும்போது அங்கேதான் கரையேறுகின்றன. எதிரே ரூபாட் தீவு, நடுவில் சுமார் 38 கிலோமீட்டர் கடல். கடலுக்கு மேல் அனல்காற்று எழும்பாது என்பதால் சிறகை விரித்து மிதக்க வழியில்லை, வழி முழுக்க அடித்து அடித்தே வர வேண்டும், களைத்துப் போய்த் தாழ்வாக நம் தலைக்கு மேலேயே வரும், கரையைத் தொட்டதும் சூடான காற்று தூக்க, வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போய்ப் புள்ளியாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெயில் ஏறிய பிறகுதான் கூட்டம் கூட்டமாக வரும் என்பதால் விடியலிலேயே ஓட வேண்டியதில்லை, நிதானமாகப் பசியாறிவிட்டுப் போகலாம். மலேசிய இயற்கைக் கழகம் 2000இல் தொடங்கிய பருந்து பார்க்கும் விழாவும் அங்கே மார்ச்சில்தான்.

பெயர்தான் தேன் பருந்து, அது விரும்பித் தின்பது தேனீ, குளவிக் கூட்டிலுள்ள புழுக்களை. கூட்டைத் தேடி அலையும் பறவையைப் பார்த்துவிட்டு நாம் செண்டோலைத் தேடி அலைவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

செண்டோலுக்கு ஒன்றே ஒன்று பாருங்கள்: பாகு. பாண்டான் இலை வாசத்தோடு மாவை ஓமப்பொடி பிழிகிற மாதிரி பிழிவது பலருக்குக் கைவந்துவிடும், பனிக்கட்டி எல்லா இடத்திலும் ஒன்றுதான். தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுத்த குலா மலாக்கா என்றால் பாகில் லேசான புகையும் துளி உப்பும் தெரியும். வெறும் தித்திப்பு மட்டும் இருந்தால் வெள்ளைச் சீனி கலந்தது. நீண்ட வரிசை நிற்கிறதே என்று ஒரு கடைக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய் எனக்குக் கிடைத்தது அதுதான். அதனால் கேட்டு வாங்குங்கள், நல்ல கடைக்காரர் பாகைப் பற்றிக் கேட்டால் மகிழ்ந்துபோய் ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார். பூலுட் என்கிற ஒட்டரிசிச் சோறும் சிவப்பு பீன்ஸும் சேர்த்துச் சொல்லுங்கள், மலை ஏறி இறங்கிய பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். எத்தனை பருந்து எண்ணினார்கள், எந்தக் கடையில் புகை வாசம் இருந்தது, இரண்டையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா