பட்டியல் தயாரித்தவள் சொல்கிறேன்

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையிலும் பின்னர் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலும் 31 ஆண்டுகள் பணியாளர் துறையில் இருந்து, 2017-ல் ஓய்வு பெற்ற ஹலசூர் வாசகி ஒருவர், வேலை தொடர்பான கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வயது 38. இதே நிறுவனத்தில் 11 ஆண்டுகள். ஜனவரியில் எங்கள் தளத்தில் 14 பேரை ஒரே நாளில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. இரவு மூன்று மணிக்கு எழுந்து, மனிதவளத் துறையிடமிருந்து கூட்ட அழைப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று கைபேசியில் பார்க்கிறேன். காலையில் வாசலில் அடையாள அட்டையைக் காட்டியதும் பச்சை விளக்கு எரியும்வரை மூச்சு நின்றுவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. இரவு பத்து மணிவரை அலுவலகத்திலேயே இருக்கிறேன். மூன்று மாதமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வீட்டுக் கடன் தவணை மாதம் 34,000 ரூபாய். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணத்தில் கடன் அடைந்துவிடுமே என்றுகூட ஒருநாள் நினைத்தேன். — பெயர் வேண்டாம், கே.ஆர்.புரம்

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். அதை நான் நான்கு முறை படித்தேன். ஒருநாள் வந்து போன நினைப்பு என்று நீங்கள் அதை ஒதுக்கியிருக்கலாம். நான் ஒதுக்க மாட்டேன். இதைப் படித்து முடித்த கையோடு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். நம் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்த நினைப்பு மறுபடி தலைகாட்டினால் அந்த நிமிடமே மனைவியை எழுப்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடன் பாக்கியோடு நீங்கள் வீட்டில் இருப்பதைத்தான் அவர் கேட்பார். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை என் கையால் ஏழு முறை தயாரித்திருக்கிறேன். ஆகவே, உங்கள் அலுவலகத்தில் யாரும் உங்களிடம் சொல்லாததை நான் சொல்லலாம்.

பீன்யாவில் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வகுத்த பொது முறை. பதிவேட்டைத் திறந்து, சேர்ந்த தேதியைப் பார்த்துக் கீழிருந்து எண்ணுவேன். ஒயிட்ஃபீல்டில் கண்டது வேறு. மேலிடத்திலிருந்து ஓர் எண் வரும்: இந்தப் பிரிவின் சம்பளச் செலவில் இவ்வளவு குறைய வேண்டும். பிறகு ஒரு தாள் தயாராகும். எந்த வாடிக்கையாளரின் ஒப்பந்தம் முடிகிறது, எந்தத் திட்டத்துக்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்கவில்லை, ஒரே வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம். பெயர்கள் கடைசியில்தான் வரும். பல பெயர்களுக்கு உரியவரின் முகம்கூட அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. இரவு பத்து மணிவரை உட்கார்ந்தவர் யார், விடுப்பே எடுக்காதவர் யார் என்று ஒரு கட்டம் நான் பார்த்த எந்தத் தாளிலும் இருந்ததில்லை.

2009-ல் ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்தபோது, "அப்பா இறந்து ஐந்தாம் நாளே வேலைக்கு வந்தேனே அம்மா" என்றார். அவர் வந்தது எனக்குத் தெரியும். அந்தத் தாளில் அதை எழுத இடமில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போக மனம் வராமல் ஹலசூர் ஏரிக்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை அங்கே திறந்து வைத்த ஆண்டு அது. ஊரே மகிழ்ச்சியாக இருந்தது. எனக்கு மட்டும் அந்த ஆண்டை நினைத்தால் அவர் குரல்தான் கேட்கிறது.

ஆகவே, நீங்கள் பத்து மணிவரை உட்காருவது வேலைக்காக அல்ல, தம்பி. பயத்துக்குப் போடும் படையல் அது. படைக்கப் படைக்க அதற்குப் பசி கூடும். மூன்று மணிக்குக் கைபேசியைப் பார்ப்பதும் அப்படித்தான். அழைப்பு எதுவும் இல்லை என்றதும் அரை நிமிடம் நிம்மதி கிடைக்கிறது. அந்த அரை நிமிட நிம்மதிதான் நாளைக்கும் உங்களை மூன்று மணிக்கு எழுப்புகிறது. இன்று முதல் கைபேசி சமையலறையில் தூங்கட்டும். எழுவதற்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புங்கள். முதல் வாரம் உயிர் போவதுபோல் இருக்கும். கிளம்பியதால் எதுவும் நடக்கவில்லை என்பதை உடம்பு ஒவ்வொரு நாளாகத்தான் கற்றுக்கொள்ளும்; சொல்லிப் புரியவைக்க முடியாது.

நெஞ்சுப் படபடப்பை மனசு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி.யும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மை. ஒரு நாளில் எத்தனை காபி குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து மணிவரை அலுவலகத்தில் இருப்பவர் குறைந்தது நான்கைந்து குடிப்பார் என்று நினைக்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேண்டாம். அந்த வாசலில் அட்டையை நீட்டும் முன் சற்று ஒதுங்கி நின்று, மூச்சை இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். ஐந்து முறை போதும்.

என் கதையையும் சொல்ல வேண்டும். பீன்யா தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு இரண்டு ஆண்டு நடந்தது. 2001-ல் கடைசிப் பட்டியலில் என் பெயரை நானே தட்டச்சு செய்தேன். எட்டு மாதம் வேலை இல்லை. இரண்டு வளையல்கள் போயின, பத்தாம் வகுப்பில் இருந்த மகனுக்கு டியூஷன் நின்றது, வாடகையை இரண்டு தவணையாகக் கொடுத்தோம். சிரமமான மாதங்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டு மாதமும் இரவில் தூங்கினேன். கையில் இவ்வளவு இருக்கிறது, இத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட முடிந்தது. வருமோ வருமோ என்று கிடந்த அந்த இரண்டு ஆண்டில் எந்தக் கணக்கும் நிற்கவில்லை, ஏனென்றால் நான் உட்கார்ந்து போடவே இல்லை. கணவரிடம் சொன்னால் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்தேன். சொன்ன அன்று அவர் ஒரு பழைய டயரியை எடுத்து வந்து, "அரிசியில் தொடங்கு" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், குழந்தை விளையாடப் போனபின், மனைவியோடு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். இரவில் வேண்டாம், இரவில் எல்லாத் தொகையும் பெரிதாகத் தெரியும். தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் எழுதி, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு இல்லாவிட்டால், என்ன குறைத்தால் ஆறாகும் என்று பாருங்கள். உங்களுக்கு வர வேண்டியதையும் எழுதுங்கள். கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை ஐந்து ஆண்டு முடித்தவருக்கு உரிமை. கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 ஆண்டுக்கு எடுத்தால் 2,53,800 ரூபாய்க்குமேல் வருகிறது. வேலை போனால் வங்கிக்கு நீங்களே முதலில் போங்கள். தவணை 90 நாளுக்குமேல் நின்றால் அது வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் போய்க் கேட்பவரிடம் வங்கி பேசும் விதமே வேறு. அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பத்துக்குத் தனியாக ஒன்றை இப்போதே எடுங்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் சொந்த மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சம்பளச் சீட்டுகளும் நியமனக் கடிதமும் வீட்டில் ஒரு கோப்பில் இருக்கட்டும். அலுவலகக் கணினியிலேயே வைத்திருந்து, அது ஒரே நொடியில் பூட்டப்பட்டபின் என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் உங்களைக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டால் உங்களுக்குத்தான் நல்லது" என்று சொன்னால், "படித்துப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அந்த வாக்கியத்தை நானும் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்லியிருக்கிறேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது. யாருக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். நாமாக விலகினோம் என்று கையெழுத்திட்டபின் கேட்பதற்கு அதிகம் மிஞ்சாது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத ஊழியர் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், தக்க காரணமும், ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நம் ஊரில் மென்பொருள் ஊழியர்களுக்கும் சங்கம் உண்டு. கிட்டு என்று கேட்டால் சொல்வார்கள். தொழிலாளர் துறை அலுவலகம் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் இருக்கிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பதாலேயே அந்தப் பச்சை விளக்கின் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம்.

ஏழு மணிக்குக் கிளம்புவதால் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை உங்கள் தொழிலில் புதிதாக ஒன்றைக் கற்கக் கொடுங்கள். 11 ஆண்டு ஒரே இடம் என்றால், வெளியே என்ன கேட்கிறார்கள் என்பதே மறந்திருக்கும். பழைய சக ஊழியர் இருவரிடம் பேசுங்கள், வேலை கேட்டு அல்ல, என்ன நடக்கிறது என்று கேட்டு. மீதி இரண்டு மணி நேரம் வீட்டுக்கு.

எனக்கு மறுபடி எழுதுங்கள். 14416-க்குப் பேசினீர்களா என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

கேள்வி: பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் தையல் வேலை. டார்கெட் குறைந்தால் லைன் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். அவர் நடந்து வரும் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது, ஊசி ஒடிகிறது. போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். விட்டுவிடலாம் என்றால் வாடகை இருக்கிறது. — ஒரு சகோதரி, பொம்மனஹள்ளி

பதில்: மகளே, மயக்கத்தை முதலில் கவனி. கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல், காலையில் சாப்பிடாமல் ஓடிவரும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல். உன் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று, தொழிலாளர் காப்பீட்டுக்காக 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். அது உன் பணம். அந்த அட்டையோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போ, தேவைப்பட்டால் ராஜாஜிநகர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மயக்கத்தோடு நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் வெட்கப்படாமல் சொல். மருத்துவர் ஓய்வு வேண்டும் என்று சான்று கொடுத்தால், சந்தா கட்டிய காலம் சரியாக இருக்கும்போது, ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். கோபத்தில் நின்றுவிட்டால் இதுவும் போய்விடும். வாடகைக்காகவாவது சான்றோடு ஓய்வெடு.

அவர் கத்தியதைத் தேதி போட்டு எழுதி வை. அதே லைனில் பேச்சு வாங்கிய இன்னும் இரண்டு பேரையும் எழுதச் சொல். தனியாகப் போனால் உன் கை நடுங்கும், மூன்று பேராகப் போனால் அவருக்குச் சங்கடம். நம் ஊரில் கார்மென்ட் லேபர் யூனியன் என்று பெண்கள் முன்நின்று நடத்தும் சங்கம் இருக்கிறது, அவர்களிடமும் பேசு. ஊசி ஒடியும் அளவுக்குக் கை நடுங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிடு. ஒரு நீண்ட மூச்சு வெளியே போகட்டும். விரல் ஊசிக்கடியில் போனால் டார்கெட் உன் விரலைத் திருப்பித் தராது.

கேள்வி: கணவருக்கு அலுவலகத்தில் ஏதோ பயம் இருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்று எரிந்து விழுகிறார். எப்படிக் கேட்பது? — மாரத்தஹள்ளி

பதில்: கேட்காதீர்கள் அம்மா, நீங்கள் முதலில் சொல்லுங்கள். எதிரெதிரே உட்காராமல், காய்கறி வாங்கப் போகும் வழியில், பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லுங்கள்: "ஆர்.டி.யில் இவ்வளவு இருக்கிறது, என் நகையில் இவ்வளவு, அம்மா வீட்டில் மூன்று மாதம் குழந்தையோடு இருக்கலாம் என்றால் இவ்வளவு மிச்சம். கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்." அன்றைக்கு அவர் பதில் சொல்லாமல் இருக்கலாம். கணக்கு எழுதிய தாளை அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, அவருக்கும் ஒரு பேனாவை வையுங்கள்.