பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தேவையில்லாத சாமான்களைக் கழற்றி எடையைக் குறைத்தால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியுமா? எதையெல்லாம் கழற்றலாம்?

நன்றாகவே தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் தெரியாது, எதைக் கழற்றினாலும் தெரியாது. நான் ஒரு காரில் இதைச் செய்து பார்த்தவன், நடுவில் ஒரு தப்பும் செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில். என்னிடம் இருப்பது இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப்பிறந்தது. இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் வந்தது. அதே ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் 1962இல் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு வண்டியைச் செய்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின்னால் ஸ்பிரிங்காக இருக்கும் குறுக்குப் பட்டா எல்லாம் ஒரே குடும்பம். ஹெரால்டு சுமார் 800 கிலோ, ஸ்பிட்ஃபயர் 700 கிலோவுக்குச் சற்று மேலே. என் வண்டியில் இருப்பது 948 சிசி எஞ்சின், குதிரைத்திறன் நாற்பதைத் தொடாது. இப்படிப்பட்ட வண்டியில் ஒரு வாழைக்குலை ஏற்றினால்கூட மேட்டில் தெரியும்.

வண்டியை வாங்கி வடசேரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் பம்பரையும் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, கம்பெனிக்காரன் வெச்சத ஒரு பக்கம் போடு. பொறவு வந்தவங்க வெச்சத இன்னொரு பக்கம் போடு. மொதல்ல ரெண்டாவது குவியல எடை போட்டுப் பாரு."

உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான். ஐம்பது வருஷம் ஓடிய கார் கம்பெனியிலிருந்து வந்த எடையில் இருக்காது. வாங்கிய ஒவ்வொருவரும் எதையாவது மாட்டியிருப்பார்கள்; கழற்றியவர் குறைவாகத்தான் இருப்பார். அதனால் காரைச் செய்தவன் வைத்த பொருளில் கை வைப்பதற்கு முன்னால், பின்னால் வந்து சேர்ந்ததையெல்லாம் இறக்குங்கள்.

என் வண்டியில் அந்த இரண்டாவது குவியல் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பக்கத்து வாழைக்காய் மண்டியில் குலை எடை போடும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். முன்னால் ஜீப்புக்குப் போடும் இரும்புக் கார்டு 19 கிலோ. பின்னால் அதன் தம்பி 11. டிக்கியில் பிளைவுட் பெட்டியோடு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் 16. கூரைமேல் கேரியர் 9. வேறொரு காரிலிருந்து எடுத்து மாட்டிய ஏசி, கேஸ் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கம்ப்ரஸர், கண்டென்சர், பிராக்கெட், குழாய்கள் எல்லாம் சேர்த்து 21. கம்பளத்தின்மேல் கயிற்று விரிப்பு, அதன்மேல் ரப்பர் விரிப்பு, ஈரத்தோடு 8. அந்தக் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை மறித்துக்கொண்டு நின்றது. அதை எடுத்த அன்றிலிருந்து எஞ்சின் சூடாவதும் குறைந்தது.

அப்புறம் பட்டி, அதாவது பள்ளத்தை மூடி மட்டமாக்கப் பூசும் பசை. இதை யாரும் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என் வண்டி சில வருஷம் குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் நின்றது. உப்புக் காற்றில் தகடு அரிக்கும். அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைப்பதற்குப் பதில் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அண்ணாச்சி ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடி முழுக்க நகர்த்திப் பார்த்தார். நல்ல தகட்டில் 'டப்' என்று ஒட்டியது. ஹெட்லைட்டுக்குக் கீழேயும் கதவின் அடிப்பக்கத்திலும் பிடிப்பே இல்லாமல் வழுக்கி விழுந்தது. அங்கே உளியை வைத்து லேசாகத் தட்டியதும் ஒரு சில்லு பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. விரல் தடிமன். ஓரத்தைப் பார்த்தால் மேலே வெள்ளை, கீழே மெரூன், அதற்கும் கீழே இளம்பச்சை, ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே சாம்பல் பட்டி. எத்தனை பேர் இந்த வண்டியைப் புதுசாக்கப் பார்த்தார்கள் என்று அந்த ஒரு சில்லிலேயே எண்ணிவிடலாம். மொத்தமாகச் சுரண்டி எடுத்த பட்டி மட்டும் 7 கிலோ. அந்த இடங்களில் புதுத் தகடு வைத்தபின் எடையில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அது வரவேண்டிய எடை.

ஆக 91 கிலோ. இதில் ஒன்றுகூடக் கம்பெனி வைத்தது இல்லை. பின் சீட், ஸ்டெப்னி, பம்பர் எல்லாம் வண்டியிலேயே இருந்தன.

இந்த 91 கிலோ ஓட்டத்தில் எங்கே தெரிந்தது? பூதப்பாண்டி தாண்டித் தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறும் ரோட்டில் தெரிந்தது. பத்துக்கு ஒன்று என்று ஏறும் மேட்டில், வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கை எஞ்சின் கூடுதலாகத் தள்ளியாக வேண்டும். 91 கிலோ போனால் 9 கிலோ தள்ளுவிசை மிச்சம். முன்பு இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறிய வளைவுகளில் இப்போது மூன்றில் போகிறது. புறப்பாட்டிலும் கணக்கு அப்படித்தான். 890 கிலோ 800 ஆனால், அதே எஞ்சினுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தி கூடியது போல. அதை எஞ்சின் வேலையில் எடுக்க வேண்டும் என்றால் கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், ஹெட் என்று பெரிய செலவு. பிரேக்கிலும் தெரிந்தது. நான்கு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு அது பெரிய நிம்மதி.

வித்தியாசம் தெரியாத இடம் முப்பந்தல். ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணறு பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் வண்டியைக் கொண்டுவந்து பாருங்கள். காற்றாலைகளைச் சுற்றும் அந்த மேல்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அங்கே சமதளத்தில் வேகம் பிடிக்க விடாமல் தடுப்பது காற்று, வண்டியின் எடை இல்லை. 91 கிலோ குறைத்தும் என் டாப் ஸ்பீட் அங்கே முன்பு இருந்ததுதான். கூரைக் கேரியரை எடுத்ததால் இரைச்சல் குறைந்தது, அவ்வளவே. அதனால் டாப் ஸ்பீடுக்காக எடை குறைக்க நினைத்தால் விட்டுவிடுங்கள். மேடு, வளைவு, பிரேக், புறப்பாடு ஆகிய நான்குக்காக என்றால் இறங்குங்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். 91 கிலோ கொடுத்த ருசியில், அண்ணாச்சியிடம் சொல்லாமல் பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் ஜாக்கி, ஸ்பானர் செட்டையும் இறக்கி வீட்டில் வைத்தேன். இன்னொரு 35 கிலோ. வண்டி பின்னால் சற்று உயர்ந்து நின்றது. பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கீரிப்பாறையிலிருந்து இறங்கும்போது, ரப்பர் தோட்டத்து வளைவு ஒன்றில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் யாரோ தூக்கியது போல எழும்பிப் பக்கவாட்டில் ஓடியது. ரோட்டோரத்துச் சருகில் போய் நின்றேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

காரணம் இது. ஹெரால்டிலும் பழைய ஸ்பிட்ஃபயரிலும் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் முறையில் தொங்குகின்றன. அச்சின் உள்முனை மட்டும்தான் மடங்கும். பின்பக்கம் தாழ்ந்தால் சக்கரத்தின் அடி வெளியே விரிந்து ரோட்டை அகலமாகப் பிடிக்கும். பின்பக்கம் எழும்பினால் அடி உள்ளே மடங்கும். வளைவில் காலை எடுத்ததும் வண்டி மேலும் எழும்பி, சக்கரம் மேலும் மடங்கிப் பிடி விட்டுப்போகும். குறுக்குப் பட்டா செட் முழு எடைக்குக் கணக்குப் பண்ணி வளைக்கப்பட்டது. நான் எடையை மட்டும் எடுத்துவிட்டுப் பட்டாவை அப்படியே விட்டேன். ட்ரயம்ப் இந்தக் குறையைக் குறைக்கத்தான் 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் பட்டாவின் அமைப்பையே மாற்றியது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "எறக்குனா எறக்குனதுக்கு ஏத்த மாதிரி பட்டாவையும் பாக்கணும்லா மக்கா" என்றார். ஸ்டெப்னியும் சீட்டும் அன்றே திரும்ப ஏறின. வயசான பட்டாவையும் கழற்றிச் சரியான உயரத்துக்கு வளைத்து மாட்டினோம்.

உங்கள் காரில் ஸ்விங் ஆக்ஸில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பின்பக்கத்தை மட்டும் காலி செய்தால் பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதனால் இறக்கும் எடை முன்னும் பின்னும் ஓரளவு சமமாக இருக்கட்டும். எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். கூரை, முன் மூக்கு, பின் வால் ஆகிய இடங்களில் இறக்கும் ஒரு கிலோ, இரண்டு சீட்டுக்கு நடுவே இறக்கும் ஒரு கிலோவைவிட வளைவில் அதிகம் பேசும். என் வண்டி திரும்புவதில் கண்ட பெரிய மாற்றம் அந்த இரண்டு இரும்புக் கார்டுகளும் போனதால்தான். அவை எப்படியும் சட்டப்படி கூடாதவை. 2017இலேயே மத்திய அரசு அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

கம்பெனியே எடை குறைத்தால் எப்படிச் செய்யும் என்பதற்கு 1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7இன் எடை குறைந்த ஸ்போர்ட் வகை நல்ல உதாரணம். பின் சீட், கடிகாரம், ஆர்ம்ரெஸ்ட் கிடையாது. கதவு திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார். கண்ணாடியும் தகடும் மெல்லியவை. அதே காரின் வசதிகள் உள்ள டூரிங் வகையைவிட அது சுமார் 100 கிலோ குறைவு. ஆனால் கழற்றியதோடு விடவில்லை. ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள், பின்னால் அகலமான வீலும் போட்டார்கள். வெறும் கழற்றலைப் பார்த்து நாம் காப்பி அடித்தால் பாதி வேலைதான் செய்கிறோம்.

சில பொருட்களைப் பற்றி என் அபிப்பிராயம். பேட்டரிக்கு மின்சாரம் தரும் கனமான பழைய டைனமோவை எடுத்துவிட்டுச் சின்ன ஆல்டர்னேட்டர் போடலாம். எடையும் குறையும், மழையில் ஹெட்லைட்டும் பிரகாசமாக எரியும். பழையதைப் பத்திரமாக வையுங்கள். பெட்ரோல் பத்து லிட்டர் ஏழரை கிலோ. சின்னச் சுற்றுக்கு டேங்கை நிரப்ப வேண்டியதில்லை, இதில் செலவே இல்லை. வைப்பர், ஹார்ன், கண்ணாடிகள், பம்பர், எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகடு ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஸ்டெப்னி இல்லாமல் பேச்சிப்பாறைப் பக்கம் போய் ட்யூப் பஞ்சரானால் கஷ்டம் தெரியும். அதோடு, நான் இரண்டு பொருளை ஏற்றியும் இருக்கிறேன்: முன் சீட் இரண்டுக்கும் பெல்ட், டிரைவர் பக்கத்தில் ஒரு தீயணைப்பான். அந்த எடையை நான் எந்த நாளும் குறைக்க மாட்டேன்.

எதையும் அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி அசல் வடிவத்தில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், எண்ணில் விஏ எழுத்து வரும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது கிடைக்காது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் போல்ட்டோடு சேர்த்து ஒரு பையில் கட்டி, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். ஹெரால்டின் ஒரு கைப்பிடிக்காக நான் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை.

முதல் ஸ்பானரைத் தொடுவதற்கு முன், ஜல்லி லாரிகள் ஏறும் எடை மேடை ஒன்றில் வண்டியை ஏற்றுங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை, இரண்டு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, சமதளத்தில் நிறுத்தி நான்கு சக்கரத்துக்கு மேலும் மட்கார்டு விளிம்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து அதே ரசீதின் பின்னால் எழுதிவிடுங்கள். எடையோடு இந்த நான்கு அளவுகளையும் இங்கே போட்டால், உங்கள் வண்டியில் எதை முதலில் இறக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.