சான்றிதழோடு வரும் கடாவை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, ஒடுகத்தூர் பக்கம் 30 வெள்ளாடுகள் கறிக்காக வளர்க்கிறேன். இரண்டு வருடமாகக் குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. சில ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. போன ஈத்தில் ஒரு குட்டி ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் பிறந்தது. கடா என் பட்டியிலேயே பிறந்தது, கொம்பில்லாதது. நான்கு வருடமாக அதுதான். இப்போது ஒரு வியாபாரி, மூன்று தலைமுறை வம்சாவளிச் சான்றிதழோடு, போயர் என்ற தென்னாப்பிரிக்கக் கறி ஆட்டினத்தின் கலப்புக் கடா ஒன்றை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அதன் தாத்தா வெளிநாட்டு ஆடாம், போட்டோவும் காட்டினார். நம்பி வாங்கலாமா?
– ஒரு விவசாயி, அணைக்கட்டு வட்டம்

பதில்: வேண்டாம். சான்றிதழ் உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம்.

தாத்தாவின் போட்டோவுக்கா 45,000? பேரனிடம் தாத்தாவின் பங்கு ஏறக்குறைய கால். கொள்ளுத்தாத்தா என்றால் அரைக்கால். அதற்கு மேலே வீசம். ‘75 சதவீதம் போயர்’ என்று சான்றிதழில் எழுதியிருந்தாலும் அது இனத்தின் கணக்குதான், எடையின் கணக்கு இல்லை. அந்தக் கடாவை விட்டால் முதல் ஈத்தில் குட்டிகள் தேறத்தான் செய்யும். வெளி ரத்தம் வந்ததால் கிடைக்கும் தெளிவு அது. அதன் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு உறவில்லாத நல்ல உள்ளூர்க் கடா விட்டாலும் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வியாபாரிக்கு இது தெரியாமல் இல்லை.

வம்சாவளி பார்க்க வேண்டிய இடம் உங்கள் பட்டி. நான்கு வருடமாக ஒரே கடா என்றால், அது தன் மகள்களையும் பேத்திகளையும் சினையாக்கிக்கொண்டிருக்கிறது. குட்டி சிறுப்பதும் சாவதும் அதனால்தான் என்பேன். ஆணுமில்லாப் பெண்ணுமில்லாக் குட்டிக்கும் காரணம் உண்டு. வெள்ளாட்டில் கொம்பில்லாக் கடாவும் கொம்பில்லாப் பெட்டையும் சேர்ந்தால், இரு பக்கமும் அந்த மரபு வாங்கிய பெண் குட்டி சரியாகப் பெண்ணாக உருவாவதில்லை. உங்கள் கடாவின் மகள்களைப் போய்ப் பாருங்கள், சிலவற்றுக்குக் கொம்பு இருக்காது. 1940, 50களில் அமெரிக்காவின் ஹெர்போர்டு கறி மாடுகளில் குள்ளக் கன்றுகள் பிறந்தபோது, எந்தெந்தக் காளை வழியில் அந்தக் குறை வருகிறது என்று கண்டுபிடிக்க உதவியது வம்சாவளிப் பதிவேடுதான். பெருமை பேசுவதைவிட இப்படிக் குறையைத் தேடுவதற்கே அது அதிகம் பயன்படும்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். பக்ரீத்துக்கு முன்னால் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து ஆள் வரும்போது எந்தக் குட்டியைப் பிடித்துக் கொடுக்கிறீர்கள்? முதலில் வளர்ந்ததை, கொழுத்ததை. விலைபோகாமல் நின்ற நோஞ்சான்தான் பிறகு பட்டிக்குக் கடாவாகிறது. பழைய வடாற்காடு முழுக்க இந்தக் கூத்தைத்தான் பார்க்கிறேன். வருடா வருடம் சிறந்ததை வெட்டுக்கு அனுப்பி, கழிசலை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டு, பிறகு ‘நாட்டு ஆடு வளராது’ என்று போயரைத் தேடிப் போகிறோம். கே.வி.குப்பம் சந்தையில் கூடுதலாக ஐயாயிரம் கிடைக்கிறதே என்று கை அரிக்கும். அந்த ஒரு குட்டியை மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் பட்டியோடு உறவு என்பதால் உங்களுக்கு அது கடாவாகாவிட்டாலும் பக்கத்து ஊர்க்காரருக்கு ஆகும். அவருடையதை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

எது அந்தக் குட்டி என்று கண்ணால் தீர்மானிக்காதீர்கள். காதில் எண் போடுங்கள். பிறந்த அன்றும் மூன்றாம் மாதமும் சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, தாயின் எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். ஒற்றையா இரட்டையா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒற்றையாகப் பிறந்து 10 கிலோ நிற்கும் குட்டியைவிட, இரட்டையில் ஒன்றாகப் பிறந்து 9 கிலோ நிற்பதே எனக்குப் பெரிது. இரட்டை ஈனும் குணத்தைக் கடாவின் உடம்பில் பார்க்க முடியாது; தாயின் நான்கைந்து ஈத்துக் கணக்கில்தான் பார்க்க முடியும். வியாபாரிகள் தரும் சான்றிதழில் தாய்க்கான கட்டத்தைப் பாருங்கள்: பெயர் இருக்கும், ஈத்தும் எடையும் இருக்காது.

இப்போதைக்கு, பழைய கடாவைக் கறிக்குக் கொடுத்துவிடுங்கள். சந்தையில் கடா வாங்கினால் தாயைப் பார்க்க முடியாது. நாலு ஊர் தள்ளி ஒரு பட்டிக்கே போய், தாய் எது என்று கேட்டு, அதன் மடியையும் கூடப் பிறந்த குட்டிகளையும் பார்த்து, கொம்புள்ள கடாவாக வாங்குங்கள். இரண்டு விதையும் இறங்கியிருக்க வேண்டும். மேல் தாடையும் கீழ்த் தாடையும் பொருந்த வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் பட்டியில் விடுங்கள். அதன் மகள்கள் பருவத்துக்கு வந்து நிற்பதற்குள் அதையும் மாற்றிவிடுங்கள்.