இரண்டே கோப்பைக்கு இவ்வளவு கொண்டாட்டமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பை ருமேனியாவில் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வென்றது இரண்டே கிராண்ட்ஸ்லாம். உயரம் ஐந்தடி ஆறங்குலம், பெரிய சர்வும் இல்லை. 2019 விம்பிள்டன் இறுதியில் செரீனாவை 56 நிமிடத்தில் முடித்ததுகூட, அன்று செரீனா சொதப்பியதால்தான் என்கிறான் என் நண்பன். உண்மையா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வது பாதிதான் சரி. செரீனா அன்று 26 அன்ஃபோர்ஸ்டு எரர் (தானாகச் செய்ததாகக் கணக்கிடப்படும் தவறு) செய்தார். ஹாலெப் செய்தது வெறும் 3. ஆனால் அந்த 26-இல் பலவும் ஹாலெப் வரவழைத்தவை. செரீனாவின் அடிக்குப் பயந்து பின்னால் போகாமல் பேஸ்லைனை (ஆடுகளத்தின் பின்கோட்டை) ஒட்டியே நின்றார். மட்டையை அதிகம் பின்னால் இழுக்காமல், பந்து எழும்போதே அடித்தார். அதனால் எதிராளியின் வேகமே அவருக்குப் பயன்பட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்த பந்தும் திரும்பி வந்தால், அடுத்ததை இன்னும் கோட்டை ஒட்டி அடிக்கத் தோன்றும். அங்கேதான் பந்து வெளியே போகும். 6-2, 6-2.

இதே ஆட்டம் காலை வாரியதும் உண்டு. 2017 பிரெஞ்சு ஓபன் இறுதியில் முதல் செட் கையில், இரண்டாவதில் 3-0 முன்னிலை. அதன்பின் எதிராளி ஒஸ்டபென்கோ தவறு செய்யட்டும் என்று காத்திருந்தார். ஒஸ்டபென்கோ 54 வின்னர் (எதிராளியால் எடுக்க முடியாத அடி) அடித்தார், ஹாலெப் 8. ஹாலெப்பின் இரண்டாவது சர்வ் மெதுவானது என்பதால் ஒஸ்டபென்கோ அதையும் விளாசினார். அதற்குச் சில வாரம் முன்புதான், தோற்கும்போது ஹாலெப் மனம் விட்டுவிடுகிறார் என்று பயிற்சியாளர் டேரன் காஹில் பிரிந்துபோய், ஹாலெப் மாறியதைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

கொண்டாட்டத்துக்கு வருகிறேன். 2014-இல் பாரிஸ் (பிரெஞ்சு ஓபன்) இறுதியில் ஷரபோவாவிடம் மூன்று செட், 2017-இல் ஒஸ்டபென்கோ, 2018 ஜனவரியில் மெல்போர்னில் (ஆஸ்திரேலிய ஓபன்) வோஸ்னியாக்கி: மூன்று இறுதி, மூன்றும் தோல்வி. மெல்போர்ன் ஆட்டம் முடிந்ததும் நீர்ச்சத்து குறைந்து மருத்துவமனைக்குப் போனார். முதலிடத்தில் இருப்பவருக்குக் கோப்பை இல்லையே என்ற பேச்சு வேறு. அதே ஆண்டு ஜூனில் பாரிஸில் ஸ்லோன் ஸ்டீபன்ஸிடம் 3-6, 0-2 என்று பின்தங்கியபோது ருமேனியர்கள் மறுபடியும் அதே கதைதான் என்று நினைத்திருப்பார்கள். கடைசி செட் 6-1, ஹாலெப்புக்கு. ருமேனியப் பெண் ஒருவர் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் வென்றது அதற்கு 40 ஆண்டு முன்பு, அதே பாரிஸில். அப்படி வென்ற விர்ஜினியா ரூசிச்தான் அப்போது ஹாலெப்பின் மேலாளர். புக்கரெஸ்டின் தேசிய அரங்கில் கோப்பையைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். இரண்டு கோப்பை என்று நாம் எண்ணுகிறோம், அவர்கள் அந்த மூன்று தோல்வியையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.

ஊக்கமருந்து விவகாரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2022 யுஎஸ் ஓபனில் எடுத்த பரிசோதனையில் ராக்சடஸ்டாட் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து சிக்கியது, நான்கு ஆண்டு தடை. 2024 மார்ச்சில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை.

2025 பிப்ரவரி 4, ருமேனியாவின் க்ளூஜ் நகரம். இத்தாலியின் ப்ரோன்செட்டியிடம் 6-1, 6-1 என்று தோற்றபின் மைக்கை வாங்கி, சொந்த நாட்டுக் கூட்டத்திடம் ருமேனிய மொழியிலேயே ஓய்வை அறிவித்தார்.